நீச்சல் குளமும் நானும் ஒரு பக்கெட்டும்

ஃப்ளாட் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. நீச்சல் குளம் இருக்கிறது என்பதற்காகவே வாங்குகிறவர்கள் ஒரு ரகம். மெயின்டனன்ஸ் பில் வந்த பிறகுதான் நீச்சல் குளம் இருப்பதைத் தெரிந்துகொள்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது.

பில்டர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் குளத்தின் ஓரம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் சாய்ந்தபடி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். குடிவந்த ஏழு வருஷத்தில் அந்தப் பெண்ணை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த நீலத் தண்ணீரையாவது பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நவம்பரில் அதுவும் போயிற்று.

தீபாவளிக்கு நாலு நாள் லீவு. குளம் பார்த்துக்கொள்பவர் ஊருக்குப் போய்விட்டார். வெளியே கொட்டுகொட்டென்று மழை. எங்கள் அசோசியேஷன் பொருளாளர் கரன்ட் பில்லை மிச்சம் பிடிப்பதில் ஒரு தனி சுகம் காண்பவர். "மழைதான் பெய்யுதே... தண்ணி தானா சுத்தமாயிடும்" என்று ஃபில்டர் மோட்டாரை அணைத்துவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், முருங்கைக்கீரையை மிக்ஸியில் அடித்து ஊற்றிய மாதிரி இருந்தது குளம்.

வாட்ஸப் குழுவில் உடனே போட்டோ வந்தது. தொடர்ந்து வைத்தியங்கள் வந்தன. ப்ளீச்சிங் பவுடர் அரை மூட்டை என்றார் ஒருவர். மயில்துத்தம் போடுங்கள், எங்கள் ஊர்க் குளத்தில் அதைத்தான் போடுவார்கள் என்றார் இன்னொருவர். கொசுப் புழு தின்ன மாநகராட்சி விடும் கம்பூசியா மீனை விடலாமே என்று ஒரு யோசனை. விட்டால் சேர்ந்து நீந்துவது யார் என்று பதில் கேள்வி. கடைசியில் யாரோ, "மூணாவது மாடியில இருக்கிறவர் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி" என்று எழுதிவிட்டார்கள்.

அது நான்தான். படித்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. பிப்பெட்டில் தவறுதலாக எதையோ உறிஞ்சியதைத் தவிர வேறு ஒன்றும் நினைவில் இல்லை. ஆனாலும், 'குளம் கமிட்டித் தலைவர்' என்று ஒரு பட்டத்தைச் சூட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கமிட்டியில் வேறு யாரும் கிடையாது.

பாசியைப் பற்றி முதலில் நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட வேண்டும். நாம் விடும் மூச்சில் உத்தேசமாகப் பாதி ஆக்ஸிஜன், கடலில் மிதக்கும் இந்த நுண்ணிய பச்சைச் சமாசாரங்களின் கைங்கர்யம் என்கிறார்கள். நமக்கெல்லாம் எத்தனையோ கோடி வருஷம் சீனியர். வெயில், கொஞ்சம் வெதுவெதுப்பு, துளி பாஸ்பேட், துளி நைட்ரேட் கிடைத்தால் போதும். சில மணி நேரத்தில் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். காற்றில் வரும், மழையில் வரும், காக்காய் காலில் வரும், போன வாரம் ஏரியில் குளித்துவிட்டு வந்தவரின் டிராயரில்கூட வரும். வருவதைத் தடுக்க முடியாது. வந்தது வளராமல் பார்த்துக்கொள்வதுதான் குளம் பராமரிப்பு என்பது.

ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைக்குப் போய் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு கெமிக்கல் கடையில் ஏறினேன். "பாசி மருந்து வேணும்."

"காப்பரா, க்வாட்டா?" என்றார் கடைக்காரர், ஹோட்டலில் "சாதாவா, மசாலாவா?" என்பது போல.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்க வேண்டும். கௌரவம் தடுத்தது. காப்பர் என்பது எனக்குத் தெரிந்த பெயர். "காப்பர்" என்றேன்.

இப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். க்வாட் என்பது சோப்புக்குத் தூரத்து உறவு. அளவு மிஞ்சினால் குளம் நுரைத்துக்கொண்டு வாஷிங் மெஷின் மாதிரி ஆகிவிடும். நுரைக்காத பாலிக்வாட் என்று ஒன்று இருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம். காப்பர் நம் மயில்துத்தத்தின் பங்காளி. 1904-லேயே அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இரண்டு பேர், ஏரித் தண்ணீரில் சொற்ப அளவு மயில்துத்தம் கலந்தால் பாசி சாகிறது என்று எழுதிவைத்தார்கள். அதற்கும் முன்பே பிரான்ஸில் திராட்சைக் கொடிக்கு நோய் வராமல் தெளித்தார்கள். நம் விவசாயிகள் இன்றைக்கும் அடிக்கிற போர்டோ கலவை அதுதான். ஆக, காப்பர் கேவலமான மருந்து ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பாசி மருந்துமே பெரும்பாலும் வருமுன் காக்கும் சரக்கு. பச்சையாகிப் போன குளத்துக்கு அதை ஊற்றுவது, வீட்டில் திருடன் புகுந்து பீரோவைத் திறந்த பிறகு வாசல் கதவுக்குப் பூட்டு வாங்கப் போகிற மாதிரி.

இதெல்லாம் அப்போது தெரியாது. கேனில் போட்டிருந்த அளவைப் பார்த்தேன். "இவ்வளவு பச்சைக்கு இது எந்த மூலைக்கு?" என்று இரண்டு மடங்கு ஊற்றினேன். மறுவாரம் இன்னொரு தடவை.

தண்ணீர் கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருந்தது. எனக்குக் கைகுலுக்கல்கள் கிடைத்தன. முதல் மாடி ரிட்டயர்டு ஆடிட்டர் ஒருவர், "எண்பது லட்சம் குடுத்திருக்கேன், குளிக்காம விடுவேனா?" என்று தினமும் காலையில் அரை மணி நேரம் நீந்தினார். பஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்ற தலைமுடி அவருக்கு. இரண்டு வாரத்தில் அதில் லேசாகப் பச்சை ஓடியது. முதலில் யாரும் நம்பவில்லை. லிஃப்டில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்த பிறகு சந்தேகமே இல்லை. நீச்சல் குளத்தில் முடி பச்சையாவதற்கு எல்லோரும் குளோரினைத் திட்டுவார்கள். குளோரின் அப்பாவி. தண்ணீரிலிருக்கும் தாமிரம்தான் முடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கறுப்பு முடியில் தெரியாது. வெள்ளையில் காட்டிக் கொடுத்துவிடும். ஆடிட்டர் என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. அவர் மனைவிதான், "இத்தனை வருஷத்துல இப்பதாங்க இவர் கொஞ்சம் பசுமையா இருக்கார்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் குளம் மறுபடியும் பச்சை. இந்த முறை படிக்கட்டில் மயில் கழுத்து நிறத்தில் கறை வேறு.

"விடுங்க ஸார்... பச்சையா இருந்தா என்ன? நாமெல்லாம் கிணத்துல குளிச்சு வளர்ந்தவங்கதானே?" என்றார் பொருளாளர்.

நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. நானும் முதுகில் காலி எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் கற்றவன். பாசியைக் கையால் ஒதுக்கிவிட்டு அந்த இடைவெளியில் தொப்பென்று குதிப்போம். ஒன்றும் ஆகவில்லை. ஆனவர்கள் இதைச் சொல்வதற்கு இல்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை, இரண்டாம் மாடி வாண்டு ஒன்று என் சாவிக்கொத்தைப் பிடுங்கிக் குளத்தில் போட்டது. படியிலிருந்து இரண்டடி தூரம், நாலடி ஆழம். எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. டார்ச் அடித்தேன். பச்சைத் திரைதான் தெரிந்தது. சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு, சட்டென்று முதுகில் ஜில்லென்றது. சாவியைப் போட்ட வாண்டு சாவிக்குப் பின்னாலேயே விழுந்திருந்தால்?

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்று ஓர் ஊர். அங்கே 2011 ஜூன் மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொது நீச்சல் குளத்துக்கு வந்த ஒரு பெண்மணி சறுக்கு மரத்தில் சறுக்கி ஆழமான பக்கம் விழுந்தார். எழவில்லை. தண்ணீர் கலங்கலாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. குளத்துக்கு உயிர்காப்பாளர்கள் இருந்தார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் குளம் திறந்திருந்தது. ஜனங்கள் அதே தண்ணீரில் நீந்தினார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர்கள்கூட வந்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் உடல் மேலே வந்து கண்டுபிடித்தார்கள். இரண்டு நாள்! இதைப் படித்த பிறகு ஒரு காரியம் செய்தேன். கேட்டைப் பூட்டி, சாவியை (மாற்றுச் சாவிதான், அசல் இன்னும் உள்ளே) என் வீட்டு சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். குளத்தின் அடியில் தண்ணீர் போகும் கம்பிச் சல்லடை இருக்கிறதே, மேலே கரையில் நின்று பார்த்தால் அது பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. உலகம் பூராவும் குளம் பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் விதி இது. பச்சை நிறத்தால் கெடுதலோ இல்லையோ, பச்சைக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலிருப்பது கெடுதல்.

வாட்ஸப்பில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் 'ஹிட்லர்' தான் கொஞ்சம் கௌரவமானது.

சாவிதான் என்னிடம், பச்சை ஏன் என்பது இன்னும் தெரியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒலிம்பிக்ஸ். 2016-ல் பிரேஸிலில் ரியோ நகரத்தில் நடந்ததே, அதில் மரியா லெங்க் நீச்சல் அரங்கம். டைவிங் அடிப்பதற்கென்று ஒரு குளம். பக்கத்திலேயே வாட்டர் போலோவுக்கு ஒரு குளம். ஆகஸ்ட் 9-ந் தேதி, பெண்கள் ஜோடியாகப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கும் இறுதிப் போட்டி. உலகமே டி.வி.யில் பார்க்கிறது, டைவிங் குளம் பச்சை! பக்கத்துக் குளம் நீலம். சீனப் பெண்கள் பச்சைக்குள்ளே குதித்துத் தங்கத்தோடு வெளியே வந்தார்கள். மறுநாள் பக்கத்துக் குளமும் பச்சைக்கு மாறத் தொடங்கியது. வாட்டர் போலோ ஆடியவர்கள் கண் எரிகிறது என்றார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் உண்மை வந்தது. ஆகஸ்ட் 5-ந் தேதி யாரோ ஓர் ஒப்பந்தக்காரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் குளத்தில் கொட்டியிருக்கிறார்.

பெராக்ஸைட் ஒன்றும் விஷமில்லை. சில குளங்களில் அதையே கிருமிநாசினியாக வைத்திருக்கிறார்கள். குளோரினும் நல்லது. ஆனால் இரண்டு நல்லவர்களை ஒரே அறையில் போட்டால் ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டிவிடுகிறார்கள். மிச்சம் உப்புப் பெறாத சமாசாரமும் ஆக்ஸிஜன் குமிழியும்தான். குளோரின் காலி, காவல்காரன் இல்லாத வீட்டில் பாசி குடியேறிவிட்டது. ஸிங்க்ரனைஸ்டு ஸ்விம்மிங் பெண்கள் தண்ணீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்துத்தான் ஆட வேண்டும் என்பதால், அந்தக் குளத்தை மட்டும் அவசரமாகக் காலி செய்து, பயிற்சிக் குளத்திலிருந்து சுமார் 37 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரை மாற்றினார்கள். ஒலிம்பிக்ஸுக்கே அந்தக் கதி என்றால் ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட் எம்மாத்திரம் என்று அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் எங்கள் குளத்தில் யாரும் பெராக்ஸைட் கொட்டவில்லையே? குளோரின் மாத்திரை மிதவையில் வாரா வாரம் போட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? சோதனை டப்பாவில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் வந்தது. மஞ்சள் என்றால் குளோரின் இருக்கிறது. இருந்தும் பாசி!

இதற்கு விடை உங்கள் ஆபீஸிலேயே இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும்; சீட்டில் கோட்டு தொங்கும்; ஆசாமி மட்டும் இருக்க மாட்டார். எங்கள் குளோரினும் அப்படித்தான். வெறும் குளோரின் வெயிலில் நிற்காது. நல்ல உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் ஆவியாகப் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அதற்கு ஒரு குடை பிடிக்கிறார்கள். ஸயனூரிக் அமிலம் என்று பெயர். கடையில் டி.சி.சி.ஏ. என்று விற்கும் மாத்திரைக்குள்ளேயே இந்தக் குடை இருக்கிறது. மாத்திரை கரையக் கரைய, குளோரின் வேலை செய்து தீர்ந்துபோகும். குடை தீராது. வாரா வாரம் புதுக் குடை சேர்ந்துகொண்டே போகும். பத்து லட்சத்தில் 30-லிருந்து 50 பங்கு வரை இருந்தால் சௌகரியம். அதற்கு மேல் ஏற ஏற, குளோரின் குடையை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறது. மீட்டரில் மஞ்சள் காட்டும், வேலைக்கு வராது.

தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். 140 என்று வந்தது. ஏழு வருஷத்துக் குடைகள்!

பி.ஹெச். எட்டுக்கு மேல். அதுவும் பாசியின் வேலைதான். பகலெல்லாம் தண்ணீரிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடைக் குடித்துவிடுகிறதா, தண்ணீர் காரத்தன்மைக்கு ஏறிவிடுகிறது. 7.2-ல் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்க்கும் குளோரின், எட்டில் கால்வாசிதான் பார்க்கும்.

போகிற போக்கில் இன்னொன்று. குளத்தங்கரையில் சுள்ளென்று ஒரு வாசனை அடிக்குமே, "ஆஹா, நல்லா குளோரின் போட்டிருக்காங்க" என்று நினைப்போமே, அது குளோரின் வாசனை இல்லை. குளோரினோடு நம் வேர்வையும் மற்றொன்றும் சேர்ந்து உண்டாகும் குளோராமின் வாசனை. மற்றொன்று எது என்று கேட்காதீர்கள். 2017-ல் கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார்கள். நாம் சாப்பிடும் செயற்கைச் சர்க்கரை ஒன்று உடம்பில் ஜீரணமாகாமல் அப்படியே வெளியேறுகிறது. குளத்துத் தண்ணீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். 8,30,000 லிட்டர் குளம் ஒன்றில் உத்தேசமாக 75 லிட்டர் 'மற்றொன்று' இருந்தது. இதை எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். மூன்று பேர் 'தண்ணி எப்ப மாத்தப் போறீங்க' என்று கேட்டார்கள். யாரும் 'நான் இல்லை' என்று சொல்லவில்லை.

குடையைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர சுலப வழி கிடையாது. பதினைந்து மீட்டர் நீளம், ஆறு அகலம், சராசரி 1.2 ஆழம், பெருக்கினால் 1,08,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் ஒன்பது. பொருளாளருக்கு மூச்சு முட்டியது. நல்ல வேளை, மழைநீர் சேகரிப்பு புண்ணியத்தில் எங்கள் கிணறு வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப ஒரே ராத்திரியில காலி பண்ணிடலாம்" என்றேன்.

"பண்ணுங்க. காலையில குளம் மொட்டை மாடிக்கு வந்திருக்கும்" என்றார் ஏழாம் மாடி சிவில் இன்ஜினீயர். தமாஷ் இல்லையாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது குளத்தை முழுக்கக் காலி செய்தால், அடியிலிருந்து தண்ணீர் தள்ளித் தொட்டி படகு மாதிரி எழும்பும், விரிசல் விடும். ஆகவே தவணை முறை. மூன்றில் ஒரு பங்கு இறக்கி, நிரப்பி, கலக்கவிட்டு, மறுபடி மூன்றில் ஒரு பங்கு... மூன்று தவணையில் 140 என்பது 41 ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 43 வந்தது. இருபத்துநாலு வருஷம் கழித்து கெமிஸ்ட்ரி டிகிரி முதல் தடவையாகப் பலித்த தினம். அந்த மமதைதான் அடுத்ததுக்குக் காரணம்.

இனி குளோரின் அடிக்க வேண்டும். மறுபடி மாத்திரை போட்டால் மறுபடி குடை. அதனால் கால்சியம் ஹைப்போகுளோரைட் வாங்கிவந்தேன். வெள்ளைக் குருணை, குடையில்லாத குளோரின். வெயில் இறங்கிய பிறகு போட்டால் ராத்திரி முழுக்க வேலை பார்க்கும். கணக்குப்படி ஒன்றே முக்கால் கிலோ.

குளம் பார்த்துக்கொள்பவர் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ஸார் என்பார். ஆறு வருஷமாக எங்கள் குளம், பக்கத்துக் குளங்கள் எல்லாம் அவர் கைதான். கை என்றால் நிஜமாகவே வெறும் கை. சாயங்காலம் ஆறு மணிக்கு, எப்போதும் மாத்திரைத் தூள் கரைக்கிற நீல பக்கெட்டை எடுத்துவந்தார். அடியில் பழைய டி.சி.சி.ஏ. தூள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கழுவிட்டு வரட்டா ஸார்? இல்ல, வேற பக்கெட் கொண்டாரவா?"

எனக்கு ஏழு மணிக்கு கிரிக்கெட் மேட்ச். "அதுவும் குளோரின், இதுவும் குளோரின்ண்ணே. ஒண்ணும் ஆகாது, கொட்டுங்க" என்றேன்.

கொட்டினார்.

சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றது. அப்புறம் பக்கெட்டிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழுந்தது. பாசிப் பச்சை இல்லை இது; வேறு பச்சை. அண்ணன் பக்கெட்டை விட்டெறிந்தார். என் சட்டையைப் பிடித்துக் காற்று வரும் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார். கார் பார்க்கிங் வரை வந்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். இருமல். நிற்கவே இல்லை. கண்ணும் மூக்கும் ஒழுக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டே, "உங்களுக்கு ஒண்ணும் இல்லயே ஸார்?" என்றார்.

பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. கால்சியம் ஹைப்போவும் டி.சி.சி.ஏ.வும் இரண்டு வேறு குடும்பம். துளி ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும், குளோரின் வாயு வரும், அளவு கூடினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். ரியோவில் கொட்டிய ஆசாமியைப் படித்துவிட்டுச் சிரித்தவன் நான். அவர் கெடுத்தது தண்ணீரைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். குளோரின் பட்டால் உடனே சரியான மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம் என்று ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டார்கள். டூட்டி டாக்டர் சின்னப் பெண். என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே, "யார் ரெண்டையும் கலக்கச் சொன்னது?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், கட்டிலில் இருந்து முகமூடிக்குள்ளேயே அண்ணன், "நான்தாம்மா, தெரியாம கலந்துட்டேன்" என்றார்.

"இல்ல டாக்டர். நான் சொன்னேன்" என்றேன். எப்போது சொன்னேன் என்றால், அவள் எழுதி முடித்து அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு, பின்னாலேயே போய்ச் சொன்னேன். அந்த ஒன்றரை நிமிஷத்தை நினைத்தால் இன்னமும் கூச்சமாக இருக்கிறது. அவள் திரும்பிவந்து, எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். "படிச்சவர்தானே நீங்க?" என்று கேட்டாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்று சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் வரும்போது, "அந்த டப்பாவுல சேர்க்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா ஸார்?" என்று கேட்டார். எழுதியிருந்தது. பின்பக்கம், எறும்பு சைஸில், இங்கிலீஷில். ஆறு வருஷமாக அவர் கையாளும் எட்டு டப்பாக்களிலும் அப்படித்தான். அவர் படித்தது ஏழாவது வரை, தமிழ் மீடியம். எனக்கு இங்கிலீஷ் தெரியும், நான் படிக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றுதான்.

குளம் சரியானதைச் சொல்ல அதிகம் இல்லை. ஆஸிட் விட்டு பி.ஹெச்.சை 7.4-க்கு இறக்கினோம், ஆஸிடும் குளோரினும் ஒரே நாளில் கிட்டக்கூட வராமல். புது பக்கெட்டில் தண்ணீரை முதலில் பிடித்து, அப்புறம் குருணையைத் தூவிக் கரைத்தோம், தலைகீழாக அல்ல. சுவரையும் தரையையும் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். தேய்க்காவிட்டால் பாசியின் மேல்தோல்தான் சாகும். மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டு, மணல் ஃபில்டரைத் தினம் இரண்டு தடவை பின்னோக்கி அலசினோம். செத்த பாசி பச்சையிலிருந்து சாம்பலாகி, பால் மாதிரியாகி, நாலாம் நாள் ராத்திரி காணாமல் போயிற்று. ஐந்தாம் நாள் காலை சல்லடை தெரிந்தது. சல்லடைக்குப் பக்கத்தில் என் சாவிக்கொத்தும்.

பாசி மருந்து? வாங்கினோம், பாலிக்வாட். வாரம் ஒரு மூடி. காவல்காரன் இருக்கும் வீட்டுக்கு ஒரு பூட்டு, அவ்வளவுதான்.

ரப்பர் கையுறை, கண்ணாடி, வாயு முகமூடி மூன்றுக்கும் பொருளாளரிடம் பில் நீட்டினேன். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். மோட்டாரை அணைத்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து உட்கார்ந்து, மருந்து அறையில் ஒட்டுவதற்கு அட்டையில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினேன். சிவப்பு டப்பாவுக்குச் சிவப்பு பக்கெட், நீல டப்பாவுக்கு நீல பக்கெட். 'ஒன்றோடு ஒன்றைத் தயவுசெய்து கலக்காதீர்கள்.' அண்ணனிடம் காட்டினேன். கையுறையோடு வாங்கி, எழுத்துக்கூட்டி, இரண்டு தடவை படித்தார்.

"நல்லாருக்கு ஸார். ஆனா 'தயவுசெய்து'வை எடுத்திடுங்க. 'கலக்காதே'ன்னு போடுங்க."

"ஏண்ணே, மரியாதையா இருக்கட்டுமே?"

"இல்ல ஸார். மேட்ச் பாக்கற அவசரத்துல வர்றவங்க மரியாதையெல்லாம் படிக்க மாட்டாங்க."